தரையிலிருந்து எழ எத்தனை விநாடி

"ஓடுறப்ப அடிக்கடி விழுறான், டாக்டரம்மா. எந்திரிக்கிறப்ப தொடையைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் எந்திரிக்கிறான்."

நாலைந்து வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இதைச் சொல்லும்போதே எனக்குப் பாதி விளங்கிவிடும். வில்லியம் கவர்ஸ் என்ற லண்டன் மருத்துவர் 1879-இல் எழுதிவைத்த அடையாளத்தை, அவர் பெயரையே கேள்விப்படாத ஒரு பெண் தன் பேச்சில் சொல்லி முடித்திருப்பாள். பையனை இறக்கித் தரையில் உட்காரச் சொல்வேன். "எந்திரிடா கண்ணு" என்றதும் குப்புறத் திரும்பி, கையையும் காலையும் ஊன்றி, முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் வயதுக்கு மீறித் திரண்டிருக்கும். "தாத்தா மாதிரி நல்ல பலமான காலு" என்று வீட்டில் பெருமைப்பட்டிருப்பார்கள். அந்தத் திரட்சியில் பெரும்பகுதி தசையே இல்லை, கொழுப்பும் நாரும்தான்.

வேறு வழியாகவும் வருவார்கள். காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏறியிருக்கும். மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் கீழாநெல்லியும் பத்தியச் சாப்பாடுமாக ஓட்டியிருப்பார்கள். அந்த நொதிகள் கல்லீரலில் இருப்பதுபோலத் தசையிலும் இருக்கின்றன. தசை நொதியான சி.பி.கே. பார்த்தால் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வரும். சாதாரணமாக அது சில நூறைத் தாண்டாது. கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தபிறகு வந்த குழந்தைகளும் உண்டு. குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியாமல் எஸ்.ஜி.ஓ.டி. ஏறிய பையனை ஒருமுறை தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள்.

நோயின் பெயர் டுஷென் தசைச்சிதைவு. ஏறத்தாழ மூவாயிரத்தைந்நூறிலிருந்து ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் தசை இழையின் உறையைத் தாங்கிப் பிடிக்கிறது. அது இல்லாததால் ஒவ்வொரு முறை தசை சுருங்கும்போதும் உறை கிழிகிறது. கிழிந்த இடத்தில் அழற்சி வருகிறது, பிறகு தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. கால் முதலில், பிறகு கை, பிறகு மூச்சும் இதயமும். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் ஏறக்குறைய எப்போதும் ஆண் பிள்ளைக்குத்தான். "சொந்தத்துல கட்டினதால வந்துச்சா?" என்று கேட்காத குடும்பம் கிடையாது. அதனால் இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் தாய்மாமனைப் பற்றி நான் கேட்கும்போது சில வீடுகளில் பேச்சு நின்றுவிடும். "என் தம்பியும் இப்படித்தான் இருந்தான். பதினேழு வயசுல போயிட்டான்" என்று ஒரு தாய் சொன்னபோது, பக்கத்தில் நின்ற மாமியார் மருமகளைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இது தாயிடமிருந்து வருவதே இல்லை, புதிதாக நேர்கிறது என்பதை எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்வதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

1990-களின் நடுவில் அரசு மருத்துவமனையில் நான் நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, தொடையில் கீறித் தசைத் துண்டெடுத்துத்தான் நோயை உறுதிசெய்தோம். இன்று ஒரு குழாய் ரத்தத்தில் மரபணுவின் 79 துண்டுகளில் (எக்ஸான்களில்) எது காணாமல் போயிருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். நோயை உறுதிசெய்தபின் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அன்றைய பேச்சு. "பத்து, பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும், உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று அனுப்பிவிடுவோம்.

ஸ்டீராய்டு பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 1974-லேயே லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வு வந்திருந்தது. 1989-இல் அமெரிக்காவில் ஜெரி மெண்டலும் சகாக்களும் 103 சிறுவர்களுக்கு ஆறு மாதம் பிரெட்னிசோன் கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, தசை பலம் கூடுவதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டினார்கள். கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் போதும், அதை இரட்டிப்பாக்கினால் கூடுதல் பலன் இல்லை என்பதும் அதில்தான் தெரிந்தது. 1991-இல் இன்னோர் ஆய்வு, பத்தே நாளில் பலம் ஏறத் தொடங்குவதைக் கண்டது. இவ்வளவும் நூலகத்தில் இருந்தது. ஆனாலும் எங்கள் பெரியவர்கள் எழுதித் தரமாட்டார்கள். "யார் பார்த்துக்குவா?" என்பது ஒருவரின் ஒரே கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறை, கண்மாய் வேலை இல்லாத நாளில், மூன்று பஸ் மாறி வருகிற குடும்பம். வீட்டில் இருமுகிற தாத்தா. ஊரில் ஒவ்வொரு கோடையிலும் அம்மை. அந்தக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றால் எப்படி? அந்தத் தயக்கத்தை நான் பயமாகப் பார்க்கவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஆனால் "யார் பார்த்துக்குவா?" என்ற கேள்விக்குப் பதில் உண்டாக்குவதும் எங்கள் வேலைதானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பிறகு சொந்தப் பொறுப்பில் ஒரு ஓ.பி. கிடைத்ததும் மாதம் ஒரு வியாழக்கிழமையைத் தசைநோய்ப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினேன். அங்கே மாத்திரை தொடங்கிய முதல் பையன்களில் ஒருவனுக்கு ஆறு வயது. தரையிலிருந்து எழ ஒன்பது விநாடி. மூன்று வாரத்தில் திரும்பி வந்தபோது ஐந்து விநாடியில் எழுந்தான். "டவுன் பஸ்ல அவனே ஏறிட்டான் டாக்டரம்மா, கண்டக்டர் தூக்கிவிடல" என்றாள் தாய். இந்த நோயில் ஒன்று கூடிப் பார்ப்பது அதுவரை என் அனுபவத்திலேயே இல்லை. எல்லாமே குறைந்துதான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் மாதம் வேறு கதை. அகோரப் பசி. காலையில் எட்டு இட்லி தின்றுவிட்டு, பள்ளியில் சத்துணவும் தின்றுவிட்டு, வந்ததும் அடுக்களையைக் குடைகிறான். "சோத்துப் பானையைப் பரண்ல ஏத்தி வச்சிருக்கேன். பெத்த பிள்ளைக்குச் சோத்தை ஒளிச்சு வைக்கிற பாவத்தைச் செய்ய வச்சுட்டீங்களே" என்று அழுதாள். முகம் நிலா மாதிரி உருண்டுவிட்டது. தங்கச்சியை அடிக்கிறான், தூங்க மறுக்கிறான். ஆனால் தகப்பனுக்கு அந்த முகம் பிடித்திருந்தது. "பிள்ளை தேறிட்டான்னு ஊரே சொல்லுது" என்றார். ஒரே மாத்திரை, ஒரே வீடு. இருவர் கண்ணுக்கும் வேறு வேறு.

அன்று தெரிந்துகொண்டேன், சீட்டில் எழுதுவதற்கு முன்னால் பேச வேண்டியது சமையலறையைப் பற்றி என்று. யார் சமைக்கிறார்கள், எதைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், பெட்டிக்கடை எவ்வளவு தூரம், ஆச்சி செல்லம் கொடுப்பவரா. ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைய வேண்டும். பசிக்கிறது என்றால் சுண்டல், வெள்ளரிக்காய், நீர்மோர். கேழ்வரகும் எள்ளும் எலும்புக்கு. மாத்திரை காலையில் சாப்பிட்டபிறகுதான், இரவில் கொடுத்தால் தூக்கம் கெடும். முதல் ஆறு மாதம் எடையைப் பிடித்து நிறுத்திவிட்டால் பிறகு நிற்கும். அப்போது விட்டதைப் பிறகு இறக்குவது மிகக் கடினம். நடக்க முடியாத பிள்ளை எப்படி எடை குறைப்பான்?

ஸ்டீராய்டு என்ற பேரே நம் ஊரில் ஒரு வினோத நிலையில் இருக்கிறது. நான் சொன்னால், "ஐயோ, கிட்னி போயிருமே" என்று பதறுவார்கள். அதே வீட்டில் மூட்டுவலிக்கென்று வாங்கிய பெயரில்லாத பொடி ஒன்று இருக்கும். இளைத்த பிள்ளை தேற வேண்டும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய சின்ன வெள்ளை மாத்திரை இருக்கும். இரண்டிலும் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டுதான். ஒரு பையனை, "நரம்புத் தளர்ச்சிக்குப் பொடி சாப்பிட்டு நல்லா நடந்தான், பொடி தீர்ந்ததும் சுருண்டுட்டான்" என்று அழைத்துவந்தார்கள். வட்ட முகம், வயிற்றில் சிவந்த கோடுகள், ரத்த அழுத்தம் பாதாளத்தில். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தங்கள் வேலையை நிறுத்திக்கொள்கின்றன. திடீரென்று மருந்தை நிறுத்தினால் உடம்பிடம் கைவசம் ஒன்றும் இருக்காது. சாதாரண வாந்தி பேதியே உயிரைக் குடித்துவிடும்.

எனவே நான் எல்லாவற்றுக்கும் மேலாக அழுத்திச் சொல்வது, தொடங்குவதைப் பற்றியல்ல. நிறுத்தக் கூடாது என்பதைப் பற்றி. நிறுத்துவதென்றால் வாரங்கள், மாதங்கள் எடுத்துப் படிப்படியாகத்தான். இதற்கு நம் ஊரில் தனியாக ஓர் ஆபத்து உண்டு: அம்மை. சின்னம்மை வந்தால் வேப்பிலை கட்டி, வீட்டில் மருந்து மாத்திரையே கூடாது என்று நிறுத்திவிடுவது பல கிராமங்களில் வழக்கம். ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைக்குச் சின்னம்மையே நுரையீரல், மூளை என்று பரவக்கூடியது. அதோடு மாத்திரையும் நின்றால் இரண்டு பக்கமும் அடி. "அம்மன் கோவிச்சுக்குவா" என்கிற பாட்டியிடம் வாதாடிப் பயனில்லை. தொடங்குவதற்கு முன்பே சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுவிடுவதுதான் வழி. அரசு அட்டவணையில் அந்த ஊசி இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். யாரிடமாவது கேட்டு வாங்கியாவது போடவைப்பேன். உயிருள்ள கிருமியில் செய்த ஊசி என்பதால் மாத்திரை தொடங்கியபின் போட முடியாது. கூடவே காசநோய்க்கு மாண்டூ பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, குடற்புழு மருந்து, கண் பரிசோதனை, வைட்டமின் டி. இவற்றுக்கே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். பெற்றோருக்கு யோசிக்க அந்த அவகாசமும் தேவை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் தருகிறேன், பிளாஸ்டிக் உறை போட்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும்: இந்தப் பிள்ளை தினமும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறான், வாந்தி, கடுங்காய்ச்சல், எலும்பு முறிவு, அறுவைசிகிச்சை எதுவானாலும் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடவும். விருதுநகர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி, பள்ளிக்கூடம் பார்த்தது ஐந்தாம் வகுப்புவரை, நள்ளிரவில் வாந்தியெடுக்கும் மகனோடு ஒரு மருத்துவமனைக்குப் போனாள். பணியிலிருந்த இளம் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றார். அவள் கடிதத்தை அவர் மேசையில் விரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இதைப் போட்டாத்தான் நான் இந்த இடத்தை விட்டு நகருவேன்" என்று நின்றாள். போட்டார்கள். விடிவதற்குள் பையன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான்.

எந்த மாத்திரை, எந்த முறையில் என்பதில் நாங்கள் இருபது வருஷம் தடுமாறினோம். பிரெட்னிசோலோன் அரசு மருத்துவமனையில் இலவசம். டெஃப்லாசகார்ட்டை வெளியில்தான் வாங்க வேண்டும், செலவு பல மடங்கு. இதில் எடை ஏறுவது குறைவு. ஆனால் வளர்த்தி இன்னும் குறுகும், கண்புரையும் கூடுதல். 2017-இல் அமெரிக்காவில் இதே டெஃப்லாசகார்ட்டுக்கு அனுமதி வாங்கிய நிறுவனம் ஆண்டுக்கு 89,000 டாலர் என்று விலை வைத்துப் பெரும் கொந்தளிப்பு உண்டானது. இங்கே தெருமுனை மருந்துக்கடையில் அட்டை அட்டையாகத் தொங்கிக்கொண்டிருக்கிற மாத்திரை அது. நம் ஊருக்கு வாய்த்த நல்ல விஷயங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

தினமும் கொடுப்பதா, பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் நிறுத்துவதா, சனி ஞாயிறு மட்டும் பெரிய அளவில் கொடுப்பதா என்பது அடுத்தது. பத்துக்குப் பத்து முறை பிரிட்டனில் பரவலாக இருந்தது; பக்கவிளைவு குறையும் என்று நானும் பலருக்கு அப்படித்தான் கொடுத்தேன். 2022-இல் ஐந்து நாடுகளில் 196 சிறுவர்களை மூன்று ஆண்டு தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. நாலிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள். தினமும் சாப்பிட்டவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். அதன்பின் புதிதாக வருபவர்களுக்குத் தினசரி முறைதான் என்று தீர்மானித்துக்கொண்டேன். ஆனாலும் ஆய்வுக்கு வெளியேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த நோயில் ஆட்டிசம், கவனக்குறைவு இரண்டும் கூடவே வருவது அதிகம். அப்படி ஒரு பையன் மாத்திரை தொடங்கியதும் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். டெஃப்லாசகார்ட்டுக்கு மாற்றினோம், அளவைக் குறைத்தோம், வார இறுதி முறைக்குப் போனோம். அதிலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வீடு கலங்கிப்போயிருக்கும். கடைசியில் தகப்பன் சொன்னார்: "ரெண்டு வருஷம் கூட நடப்பான்னு சொல்றீங்க. அந்த ரெண்டு வருஷமும் இப்படி இருந்தா, அது அவனுக்கா, எங்களுக்கா?" படிப்படியாக நிறுத்தினோம். அந்த வீட்டுக்கு அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஸ்டீராய்டு வேண்டாம் என்ற குடும்பத்தை நான் ஓ.பி.யிலிருந்து விலக்குவதில்லை. இதயத்துக்கு எக்கோ, மூச்சுப் பரிசோதனை, காலுக்கு இரவில் மாட்டும் தாங்கி, எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

பெற்றோரிடம் பேசும்போது மறந்துபோகிற ஒருவன் இருக்கிறான். பதினைந்து வயதில் ஒருவன் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டான்: "எனக்கு மட்டும் ஏன் மீசை வரல? ஸ்கூல்ல அஞ்சாங்கிளாஸ் பையன்னு நினைக்கிறாங்க." வளர்த்தி குறுகுவதையும் பருவம் தள்ளிப்போவதையும் அவன் ஐந்து வயதாக இருந்தபோது அவன் தாய் தகப்பனிடம் விளக்கியிருந்தேன். அவனிடம் யாரும் சொல்லவில்லை. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்பி டெஸ்டோஸ்டிரோன் தொடங்கினோம். குரல் உடைந்தது, மேலுதட்டில் கருமை வந்தது. இப்போது பத்து வயதானதும் பையனிடமே தனியாகப் பேசிவிடுகிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் அவர்கள் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள்.

நடை நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவது முன்பு எல்லாரும் செய்தது. சக்கர நாற்காலிக்குப் போயாயிற்று, இனி எதற்கு என்று. இன்று அளவைக் குறைத்துக்கொண்டு தொடர்கிறோம். தொடர்ந்தவர்களுக்கு முதுகு வளைவது வெகுவாகக் குறைகிறது. முன்பெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு மூன்று வருஷத்தில் முதுகு ஒரு பக்கம் சரிந்து நுரையீரலை நெருக்கும். கைப் பலமும் மூச்சும் கூடுதல் காலம் நிற்கின்றன. நடை நிற்பது தள்ளிப்போவது சராசரியாக இரண்டிலிருந்து நான்கு ஆண்டு என்று கணக்குச் சொன்னால் சிலர் அவ்வளவுதானா என்பார்கள். என் ஓ.பி.க்கு வரும் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், சோற்றைத் தானே பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிறார். முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைக் குனிந்து கைக்குப் பாதி வழி வந்துதான். ஆனாலும் தன் கை. கட்டை விரலால் போனில் கணக்கெழுதி மாமாவின் உரக்கடையைக் கவனிக்கிறார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாற்காலியில் இருக்கும் மகனின் எடை 70 கிலோ, தூக்கும் தாயின் எடை 45 கிலோ என்ற வீடுகள் உண்டு. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிவறை என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை! தாயின் இடுப்பு போய்விட்டால் அந்த வீட்டில் மகனின் பராமரிப்பும் போய்விடும். மாத்திரை அளவைத் தீர்மானிக்கும்போது தாயின் இடுப்புவலியையும் நான் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

இப்போது வருகிறவர்கள் போனில் மரபணு சிகிச்சைச் செய்தியோடு வருகிறார்கள். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதன் விலை 32 லட்சம் டாலர், நம் கணக்கில் 26 கோடி ரூபாய்க்கு மேல். நிலத்தை விற்கலாமா, ஊரில் நிதி திரட்டலாமா என்று கேட்பார்கள். 2025-இல் அதைப் பெற்ற, நடை நின்றுபோன இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிகிச்சைக்குமே ஸ்டீராய்டு கூட்டிக் கொடுத்தாக வேண்டும். வாமொரோலோன் என்ற புதிய வகை ஸ்டீராய்டுக்கும் 2023-இல் அனுமதி கிடைத்தது. அது வளர்த்தியைக் குறுக்குவதில்லை என்பது பெரிய ஆறுதல், ஆனால் அதன் அமெரிக்க விலை என் ஓ.பி.க்கு வருகிறவர்களுக்கு எட்டாது. இதெல்லாம் மலிந்து வரும்வரை ஒரு பையனின் தசையை எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. புதிய மருந்து எது வந்தாலும் மிஞ்சிய தசையில்தான் அது வேலை செய்ய முடியும்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அண்ணனும் தம்பியுமாக இருவரைக் கூட்டிவருகிற ஒரு குடும்பம் இருக்கிறது. முதலில் வந்தபோது அண்ணனுக்கு ஒன்பது வயது, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். தம்பிக்கு நாலு. அண்ணனைப் பரிசோதிக்க வந்த இடத்தில்தான் தம்பிக்கும் இருப்பது தெரிந்தது. "சின்னவனுக்கு மட்டும் குடுங்க. பெரியவனுக்கு இனிமே எதுக்கு அந்த மாத்திரைக் கஷ்டம்" என்றாள் தாய். தகப்பன் மறுத்தார்: ஒரே வீட்டில் ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு இல்லை என்றால் பெரியவன் மனசு என்ன ஆகும். வராந்தாவில் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கை, முதுகு, மூச்சு மூன்றுக்கும் பெரியவனுக்கு இன்னும் பலன் இருக்கிறது என்று நான் சொன்னபிறகு இருவருக்கும் தொடங்கினோம். தம்பிக்கு முழு அளவு, அண்ணனுக்குக் கொஞ்சம் குறைவாக.

அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் நடை நின்றது. இப்போது பதினெட்டு, முதுகு நேராக இருக்கிறது, தட்டச்சு பழகுகிறான். தம்பிக்குப் பதின்மூன்று வயது, வீட்டுக்குள் இன்னும் நடக்கிறான், தரையிலிருந்து மட்டும் தானாக எழ முடியவில்லை. சென்ற மாதம் முதுகு வலிக்கிறது என்றான். எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கணு ஒன்று நசுங்கியிருந்தது. இத்தனை வருஷ மாத்திரையின் வேலை. எலும்புக்கு ஜோலெட்ரோனிக் அமில ஊசி தொடங்கியிருக்கிறோம். மாத்திரையைக் குறைத்தால் எலும்பு பிழைக்கும், நடை சீக்கிரம் போகலாம். வரும் வியாழக்கிழமை அவனையும் உட்காரவைத்துத்தான் பேச வேண்டும்.